எரியுதான்னு கேட்டாங்க

"அடுப்புகிட்ட சுட்டுக்கிட்டா வாயத் திறக்கக் கூடாது. புரியுதா? முதல்ல தட்டக் கீழ வை. அப்புறம் வாளித் தண்ணியில கைய விடு. அதுக்கப்புறம் வேணும்னா தெருவுக்குப் போய் ஆசை தீரக் கத்து."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ரொட்டி மாஸ்டர் சொல்கிற முதல் பேச்சு இதுதான். மாவு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

காரணம் இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த வேலை அறையில் பாதியைச் செங்கல் அடுப்பே அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தில் மாவுத் தொட்டி, நீள மேசை, ரொட்டி அச்சுகள் அடுக்கிய பலகை. நடுவில் ஒரு ஆள் திரும்ப இடம் இருந்தால் அதிகம். ஒருத்தர் கொதிக்கிற தட்டோடு திரும்பும்போது இன்னொருத்தர் "ஐயோ" என்றால் தட்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மாஸ்டரின் காதுக்குக் கீழே கழுத்துத் தோல் வழவழவென்று சுருங்கிக் கிடந்தது. "எங்கப்பா ஒரு வாட்டி ஐயோன்னாரு. அதான் இது" என்பார்.

அந்த வீட்டில் எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்கள். மாஸ்டரின் மனைவி, தெருவே மாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவள். முழங்கை வரைக்கும் கோடு கோடாகத் தழும்பு. அடுப்பின் சூடு பார்ப்பது அவள் வேலை. வலது கையை அடுப்பின் வாய்க்குள் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். எப்போது கையை இழுக்கத் தோன்றுகிறது என்பதில் இருக்கிறது கணக்கு. "பன்னுக்குச் சரி" என்பாள். "ரொட்டிக்கு இன்னும் ஆறணும்" என்பாள். மாஸ்டர் மறுபேச்சுப் பேசமாட்டார். அவர் தானே பார்த்த நாட்களில் அடி கருகியிருக்கிறது.

கடையின் முன்பக்கம் மாஸ்டரின் தங்கை. புருஷன் போனபிறகு இங்கேயே வந்து தங்கிவிட்டவள். ஒட்டி உலர்ந்த உடம்பு, கடித்தால் சத்தம் கேட்கிற பேச்சு. அதனால் அவளுக்கு ரஸ்க் என்று பெயர். வைத்தது அண்ணிதான். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "ரஸ்க்கு கெட்டுப்போகாது அண்ணி. உன் பன்னுதான் மறுநாளே பூசணம் பிடிக்கும்" என்பாள்.

மாஸ்டரம்மாவுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்ததும், அறுத்து எடுத்ததும், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்ததும் ஒரு மழைக்காலத்தில் நடந்து முடிந்தன. இடது கை வீங்கிப்போய்த் தலையணைமேல் கிடந்தது. "இந்தக் கையில இனிமே ஊசி கூடாது, ரத்த அழுத்தம் பாக்கற பட்டை கூடாது. யார் என்ன சொன்னாலும் விடாதீங்க" என்று டாக்டர் சொன்னார்.

"அப்ப மருந்து ஏத்தறது?" என்றாள் அவள்.

"வலது கையிலதான்."

மாஸ்டரம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மருந்து ஏற்றுகிற அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் தொங்கும் பை. மாஸ்டரால் அடுப்பை விட்டு வர முடியாது என்பதால் ரஸ்க் துணைக்கு வந்திருந்தாள். அடுத்த நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருத்தர். யார் உள்ளே வந்தாலும் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, சீட்டு காலியா இருக்கு" என்பார்.

நர்ஸ் சின்னப் பெண். ஊசிக் குழாயில் இருந்த மருந்து சிவப்பாக இருந்தது.

"அம்மா, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கங்க. இது போட்டதும் ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குச் செவப்பாப் போகும். ரத்தம்னு பயந்துராதீங்க, மருந்தோட நிறம்தான். முடி கொட்டும். வாய் புண்ணாகும்."

"இவளுக்கு வாய் புண்ணானா வீட்டுக்கு நல்லது சிஸ்டர்" என்றாள் ரஸ்க்.

"உன் வாய்க்கு ஏதாவது மருந்து இருக்கான்னு கேளு" என்றாள் மாஸ்டரம்மா.

நர்ஸ் சிரித்தாள். பிறகு விரலை நீட்டிக்கொண்டு தொடர்ந்தாள். "ரெண்டே ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. காய்ச்சல் வந்துச்சுன்னா வீட்ல மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. எந்த நேரமா இருந்தாலும் உடனே இங்க வரணும். இந்த மருந்து உடம்புல எதிர்த்து நிக்கற அணுவெல்லாம் குறைச்சிரும். சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோயிரும். இன்னொண்ணு, ஏத்தறப்ப ஊசி இருக்கற இடத்துல எரிஞ்சாலோ, குத்தினாலோ, இறுக்கமா இருந்தாலோ அந்த நிமிஷமே சொல்லணும். கொஞ்சந்தானேன்னு பொறுத்துக்கக் கூடாது. இது நரம்புக்குள்ள இருக்கற வரைக்கும் மருந்து. வெளிய கசிஞ்சா சதைய வேகவெச்சிரும். சரியாம்மா?"

"சரி பாப்பா."

"எரிஞ்சா?"

"சொல்லணும்."

கண்டக்டர் கையைத் தூக்கினார். "எனக்கு இப்ப பசியில எரியுது."

"உங்களுக்கு எப்பவும் எரியும். நீங்க சும்மா இருங்க."

முதல் தடவை கையில் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். மாவு வாசனை அவளுக்கு ஆகாமல் போனது. புளித்த மாவின் வாசனையிலேயே முப்பது வருஷம் இருந்தவள், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஆனாலும் அடுப்பு ஏறியதும் எழுந்து வந்து கையை நீட்டுவாள். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்காருவாள். தலைமுடி சீப்போடு வந்தபோது ரஸ்க்தான் மொத்தமாகச் சிரைத்துவிட்டாள். "உருண்டை நல்லா வந்திருக்கு அண்ணி. அடுப்புல வெச்சா உப்பிரும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ரஸ்க் முகம் கழுவப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

இரண்டாவது தடவைதான் அது நடந்தது.

அன்று நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் முழங்கையில் பார்த்தாள், மணிக்கட்டில் பார்த்தாள், கடைசியில் புறங்கையில் குத்தினாள். உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. சிவப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள்.

"எரியுதாம்மா?"

"இல்ல."

எதிர்வரிசையில் ஒருத்தர் நாற்காலியிலிருந்து சரிந்தார். யாரோ சத்தம் போட்டார்கள். நர்ஸ் குழாயை அப்படியே ஒட்டிவைத்து, இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு இவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். வந்தவள் ஏற்கெனவே வேறு இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவசரமாக அழுத்தினாள்.

அப்போதுதான் ஆரம்பித்தது. புறங்கையில், தோலுக்கு அடியில், தட்டின் விளிம்பு பட்டமாதிரி ஒன்று. மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கம். அடுப்பின் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறமாதிரியே அதை அளந்து பார்த்தாள். ரொட்டிக்கான சூடுகூட இல்லை. பன்னுக்குக் கிட்டவே வராது. ஆறின அடுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றாள் ரஸ்க்.

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"எரியுதா?"

"இதெல்லாம் ஒரு எரிச்சலாடி? கூச்சல் போட்டா அந்தப் பொண்ணு கை ஆடிரும். ஊசி கையில இருக்கு. பேசாம இரு."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "சொல்லிருங்கம்மா. பெல் அடிச்சாத்தானே வண்டி நிக்கும்."

"ஒண்ணுமில்லைங்க."

புது நர்ஸ் மருந்தை முடித்துவிட்டுப் பட்டையைப் பிரித்தாள். ஊசி இருந்த இடம் சற்று மேடாக இருந்தது. அவள் நெற்றி சுருங்கியது.

"வீங்கியிருக்கே. எரிஞ்சுதாம்மா?"

"இல்லம்மா. மாவு பிசையற கை. எப்பவுமே கொஞ்சம் வீக்கமாத்தான் இருக்கும்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தாள். வீடு வருவதற்குள் புறங்கை சிவந்து, தொட்டால் கொதித்தது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ரஸ்க்தான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயய்ய, என்ன அண்ணி இது? வா, ஒத்தடம் வெக்கறேன்."

அந்த வீட்டில் எந்த வலிக்கும் தவிட்டு ஒத்தடம்தான். கோதுமைத் தவிட்டைத் தட்டில் பரப்பி அடுப்பில் வைத்து, சூடேறியதும் துணியில் முடிந்து எடுப்பார்கள். மாஸ்டரின் இடுப்புக்கு அதுதான், ரஸ்க்கின் முட்டிக்கு அதுதான். ரஸ்க் முடிச்சைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணியின் புறங்கையில் மெதுவாக அழுத்தினாள். மாஸ்டரம்மாவின் கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டன.

"சூடு சரியா இருக்கா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம்?"

"ம்."

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். கடையில் ஆள் நிற்கும்போதுகூட "இருங்க, எங்க அண்ணிக்கு ஒத்தடம் வெச்சிட்டு வந்துர்றேன்" என்று உள்ளே ஓடினாள். தோல் கறுத்தது. கொப்புளம் எழும்பி உடைந்தது. மாஸ்டர் அன்று மதியம் சூடு பார்க்கக் கூப்பிட்டார். அவள் வந்து நின்று, துணி சுற்றிய கையைத் தூக்கவே முடியாமல், இடது கையை நீட்டப் போனாள். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் துணியைப் பிரித்தார்.

"இது எப்ப இருந்து?" என்றார்.

"ஊசி போட்ட அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

அவள் அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள்.

டாக்டர் கையை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். நடுவில் கருப்பு. சுற்றிலும் ஊதா. மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"வீட்ல இதுக்கு என்ன பண்ணீங்க? ஏதாவது தடவினீங்களா? சூடு வெச்சீங்களா?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் மாஸ்டரம்மா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்தடம் மாதிரி எதுவும்?"

"இல்லைங்க. யாரும் ஒண்ணும் பண்ணல."

கதவோரம் நின்றிருந்த ரஸ்க் முன்னால் வந்தாள். குரல் வழக்கம்போல இல்லை. "நான் வெச்சேன் டாக்டர். தவிடு. அடுப்புல சுடவெச்சு. தினம் வெச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த மருந்து கசிஞ்சா ஐஸ்தாம்மா வெக்கணும்" என்றார். "அதுவும் உடனே. சூடு வெச்சா சுத்தியிருக்கற சதைக்கும் பரவும். அன்னிக்கே, அந்த நாற்காலியிலேயே சொல்லியிருந்தா ஊசிய எடுக்காம அது வழியாவே மருந்த உறிஞ்சி எடுத்திருப்போம். கசிவுக்குன்னே மாத்து மருந்தும் இருக்கு. எல்லாம் சில மணி நேரத்துக்குள்ள. இப்ப செத்த சதைய வெட்டி எடுக்கணும். தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டணும்."

"கை?" என்றார் மாஸ்டர்.

"இருக்கும். வேலைக்கு ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது. அத விடப் பெரிய விஷயம், இந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் அடுத்த மருந்து போட முடியாது. தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளவும் கூடாது. விட்டா நோய் திரும்பி வரும்."

வெளியே வந்தபோது அந்தச் சின்ன நர்ஸ் நடைவழியில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் சொல்லியிருந்தேனேம்மா. எரிஞ்சா சொல்லுங்கன்னு."

"சொன்ன பாப்பா. நல்லாத்தான் சொன்ன."

"நான் விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"விழுந்தவரைத் தூக்காம என் கைய பிடிச்சுக்கிட்டா நிப்பே? போ. போய் வேலையப் பாரு."

வெட்டி எடுத்தார்கள். ஒட்டினார்கள். தொடையில் ஒரு புண், கையில் ஒரு புண், நெஞ்சில் பழைய வடு. மாஸ்டரம்மா கொல்லைப்பக்கச் சுவரோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டின தோல் பிடித்துக்கொண்டது. ஆனால் கட்டு அவிழ்த்த பிறகும் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் நீட்டியது நீட்டியபடியே நின்றன. புறங்கையிலும் விரல்களிலும் தொட்டால் தொட்டதே தெரியவில்லை.

அடுப்பில் மாஸ்டர் தனியாக அல்லாடினார். ஒருநாள் ரொட்டியின் அடி கருகியது, ஒருநாள் நடு வேகவில்லை. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ரஸ்க் முன்பக்கத்தில் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சண்டை போடவில்லை. "சரிங்க, மாத்தித் தர்றேன்" என்றாள். கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். வீட்டுக்குள் அவள் அண்ணி பக்கத்தில் வருவதேயில்லை. கஞ்சியைப் பெஞ்சின் முனையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். குளிப்பாட்டிவிடுவது, சேலை சுற்றிவிடுவது எல்லாம் மாஸ்டரின் தலையில் விழுந்தது. அவருக்குக் கொசுவம் வைக்கத் தெரியவில்லை.

"மாவு மூட்டையக் கட்டறமாதிரி கட்டறீங்க."

"மூட்டை நல்லாக் கட்டுவேன். ஒரு நாள் அவுந்திருக்கா?"

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புண் ஆறிவிட்டது, வரச் சொல்கிறார்கள். நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா மாதிரி வைத்து, அதில்தான் இனி மருந்து விடுவார்களாம். கையில் குத்தவேண்டியதில்லை.

"நான் போகல" என்றாள் மாஸ்டரம்மா.

"என்ன சொல்ற?"

"போதும்னு சொல்றேன். மார்பு போச்சு, முடி போச்சு, கை போச்சு. இன்னும் என்ன மிச்சம் இருக்கு எடுத்துக்க?"

"உசுரு இருக்கில்ல?"

"இருக்கு. இருந்து? மாவைத் தட்ட முடியுமா? சூடு பாக்க முடியுமா? நான் சும்மா குந்தித் தின்னவா?"

"நான் ரொட்டி போடறேன். நீ குந்தித் தின்னு. யாரு உன்னைக் கேட்டா?"

"நீங்க போடற ரொட்டியத் தின்னா அதுக்கே தனியா ஆஸ்பத்திரி போகணும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே தட்டு ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவராகத்தான் எறிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அதற்கடுத்த தடவையும் கூப்பிட்டார்கள். மாஸ்டர் போனை எடுத்து "பேசிட்டு இருக்கோம் சிஸ்டர்" என்றார். யாரும் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு மத்தியானம், அடுப்பு ஆறிக்கொண்டிருக்கும் நேரம், ரஸ்க் கஞ்சியைக் கொண்டுவந்தாள். பெஞ்சின் முனையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அண்ணி."

"ம்."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் ஒத்தடம் வெச்சேன்ல. அப்ப வலிச்சுதா?"

"இல்ல" என்றாள் மாஸ்டரம்மா, கேள்வி முடிவதற்குள்.

ரஸ்க் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாத்தியா? மறுபடியும் அதே இல்ல. சிஸ்டர் கேட்டாங்க, இல்லன்ன. ரெண்டாவதா வந்தவ கேட்டா, இல்லன்ன. டாக்டர் கேட்டாரு, அவர்கிட்டயும் இல்ல. இந்த ஒத்த வார்த்தைதான் உன் கையத் தின்னுச்சு. இன்னிக்காவது ஒழுங்காச் சொல்லு. வலிச்சுதா?"

மாஸ்டரம்மா கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடை படிந்துகொண்டிருந்தது.

"வலிச்சுது."

"எப்படி?"

"அடுப்புக்குள்ள கையப் போட்டுக் கதவச் சாத்தினமாதிரி. நீ முடிச்ச வெக்கறப்ப எப்படா எடுப்பேன்னு இருக்கும். அத மறுபடி சுடவெக்கப் போறப்ப, தவிடு தீந்துபோயிருக்கணும்னு நெனச்சுப்பேன்."

ரஸ்க்கின் உதடு கோணியது. "அப்புறம் ஏன்டி நிறுத்தச் சொல்லல?" முதல் முறையாக அண்ணியை டி போட்டாள். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"நீ கன்னத்துல வெச்சுப் பாத்துட்டு வெச்சே. ஒவ்வொரு வாட்டியும். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"என் மூஞ்சிக்காகக் கையக் குடுத்தியா? இந்த மூஞ்சிக்கா?"

"வேற மூஞ்சி எனக்கு ஏது?"

ரஸ்க் அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி. அடுப்பறையிலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாஸ்டரம்மா நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் நாத்தனாரின் தலையைத் தொட்டாள். தலையில் கை பட்டது அவளுக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"எனக்குத் திட்டு வேணும் அண்ணி" என்றாள் ரஸ்க். "நீ திட்டாம நான் இந்த வீட்ல சாப்பிட முடியல."

"அறிவு கெட்டவளே" என்றாள் மாஸ்டரம்மா. "தவிட்டு மூட்டை. உன்னை யாரு ஒத்தடம் வெக்கச் சொன்னா? டாக்டரா நீ? என் கை போச்சுடி. பன்னு உருட்ட எனக்குக் கை இல்ல. கொசுவம் வெக்கக் கை இல்ல. உங்கண்ணன் என்னைச் சாக்கு மாதிரி கட்டிவெக்கறாரு, நீ எட்டி நின்னு வேடிக்கை பாக்கற." குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் அப்படிப் பேசி அந்த வீட்டுச் சுவர் கேட்டதில்லை. "எரிஞ்சுதுடி. அங்கயே எரிஞ்சுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

மூச்சு வாங்கியது. ரஸ்க் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சேலையை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள். கஞ்சியைச் சுடவைத்துக் கொண்டுவந்து ஊட்டினாள்.

"நாளைக்குப் போலாமா?" என்று கேட்டாள், கடைசிக் கரண்டியோடு.

மாஸ்டரம்மா விழுங்கினாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டப்பா வைத்தபிறகு மருந்துக்குப் போன அன்று மாஸ்டர் கடையை அடைத்தார். அடுப்பு மூட்டவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் நேராக உட்கார்ந்து வந்தார்.

பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ ஒரு அம்மாள் படுத்திருந்தாள்.

"கண்டக்டர் இன்னிக்கு வரலையா?" என்றாள் ரஸ்க்.

நர்ஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவரு தவறிட்டாரு. போன மாசம். காய்ச்சல் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை, எதுக்கு எல்லாரையும் தொந்தரவு பண்ணணும், காலைல போய்க்கலாம்னு மாத்திரை போட்டுப் படுத்துட்டாராம். தூக்கிட்டு வர்றப்ப நேரம் போயிருச்சு." அவள் நிறுத்தினாள். "எல்லாருக்கும் சொல்றேன். எல்லாரும் சரிங்கறாங்க."

மாஸ்டரம்மா அந்த நாற்காலியைப் பார்த்தாள். படுத்திருந்த அம்மாள் சங்கடப்பட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். டப்பாவில் ஊசியைக் குத்தி, பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தாள். உப்புத் தண்ணீர் விட்டாள். பிறகு சிவப்பு மருந்தை எடுத்தாள்.

"நான் எங்கயும் போகமாட்டேன். யாரு விழுந்தாலும் வேற ஆள் போகும். எரியுதாம்மா?"

மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ரஸ்க் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கையை அசைக்கவில்லை. காத்திருந்தாள்.

மாஸ்டரம்மா கண்ணை மூடாமல் யோசித்துப் பார்த்தாள்.

"எரியல" என்றாள். "குத்தின இடம் சுருக்குன்னு இருக்கு. எரியல."

"நிஜமா?"

"நிஜமாத்தான். தோள்பட்டை வலிக்குது, அது நேத்திலிருந்தே. இந்த நாற்காலி ஒரு பக்கம் சாயுது. தொண்டை காயுது."

"சொல்லுங்க. இன்னும் என்ன?"

"விரல் மடங்கல. கனவுல மடங்குது, முழிச்சா மடங்கல." அவள் நிறுத்தினாள். குழாயில் சிவப்பு இறங்கி வந்துகொண்டிருந்தது. "பயமா இருக்கு" என்றாள்.

ரஸ்க் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து. கட்டியத் தொட்டுப் பாத்த அன்னிக்கே இருந்து."

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். பிடித்துக்கொள்ளக் கை தேடினார். இடது கை வீங்கித் தலையணைமேல் கிடந்தது. வலது கை தொட்டாலும் அவளுக்குத் தெரியாது. நெஞ்சில் ஊசி. பிறகு நாற்காலியின் கீழ்முனைக்குப் போய், போர்வையை விலக்கி, அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றார். "சில்லுன்னு இருக்கே உன் காலு."

"ஆமா. குளிருது" என்றாள் அவள்.